நாலு அங்குலத்தில் ஒரு சுளவு: அக்ரிலிக் வண்ணத்தோடு ஐந்து மாதங்கள்

கடந்த மார்ச் மாதக் கடைசியில், பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டின் முன்கூடமான தார்சாவில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, நாலு அங்குலச் சதுரப் பலகையில் முதல் அக்ரிலிக் ஓவியத்தை வரையத் தொடங்கினேன். இப்போது ஆகஸ்ட் முடியப்போகிறது. 17 பலகைகள் முடிந்துவிட்டன; 18ஆவது மேசைமேல் பாதியில் நிற்கிறது. வீட்டிலும் தெருவிலும் அன்றாடம் கைபடும் பொருள்களை மட்டுமே வரைவது என்று முதல் நாளே முடிவு செய்துகொண்டேன். கோபுரத்தையும் குத்துவிளக்கையும் மயிலையும் வரைவதற்கு ஆளுக்குப் பஞ்சமில்லை; முறம் எனப்படும் சுளவையும் தண்ணீர்ச் செம்பையும் பதநீர் குடிக்கும் ஓலைப் பட்டையையும் எதிரே வைத்து, உட்கார்ந்து பார்த்து வரைகிறவர்கள் குறைவு. அவை கண்ணெதிரே இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு.

மரக்கடையில் மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள, மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகையைச் சதுரம் சதுரமாக அறுத்து வாங்கினேன். அதன்மேல் நேரடியாக வண்ணம் தீட்டினால் பலகை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு நிறம் செத்துப்போய்விடும். ஆகவே ஜெஸ்ஸோ என்னும் வெள்ளைப் பூச்சை இரண்டு முறை கொடுத்து, காய்ந்த பிறகு 220ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்துக்கொள்கிறேன். முதலில் வாங்கிய 12 நிறப் பெட்டி எனக்கு உதவவில்லை. அதில் நிறமியைவிடச் சுண்ணாம்புபோன்ற நிரப்புப் பொருள் மிகுதியாக இருந்ததால் எந்த நிறத்தைக் கலந்தாலும் வெளுத்தே வந்தது. பிறகு டைட்டானியம் வெள்ளை, மஞ்சள் காவி, செம்பழுப்பான பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரைன் நீலம், லெமன் மஞ்சள், ஒரு சிவப்பு என ஆறே குழாய்களை நல்ல தரத்தில் வாங்கினேன். கறுப்பு வாங்கவில்லை. அல்ட்ராமரைனையும் பர்ன்ட் சியன்னாவையும் சம அளவில் கலந்தால் கறுப்புக்கு மிக நெருக்கமான ஓர் ஆழ்ந்த நிறம் கிடைக்கிறது. அதை நீலத்தின் பக்கமோ மண்ணின் பக்கமோ சற்றே சாய்த்துக்கொள்ளவும் முடிகிறது. குழாயிலிருந்து வரும் கறுப்பில் இந்த வசதி இல்லை.

அக்ரிலிக் என்பது நிறமியைப் பாலிமர்க் குழம்பில் கலந்து செய்யும் வண்ணம். நீர் ஆவியாகப் போகப்போகக் குழம்பிலுள்ள நுண்துகள்கள் நெருங்கி ஒன்றோடொன்று ஒட்டி, நெகிழ்வான பிளாஸ்டிக் படலமாகிவிடும். அதன்பின் எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் கரையாது. குளிர்ந்த ஊர்க்காரர்கள் இதனால் என்ன பாடுபடுகிறார்களோ, 100 டிகிரியைத் தாண்டும் நம்மூர்ச் சித்திரை வெயிலில் இது பெரும் சோதனைதான். ஏப்ரல் மாதத்தில் நான் தட்டில் பிதுக்கிய வண்ணம், தூரிகையை நனைத்து எடுத்து வருவதற்குள் மேலே ஆடை கட்டியது. இரண்டு நிறங்களைப் பலகையிலேயே இழைத்து மென்மையாக ஒன்றில் ஒன்றைக் கரைக்க முயன்றபோதெல்லாம், பாதி காய்ந்த படலம் தூரிகையோடு பிய்ந்து வந்தது. காலை ஆறு மணிக்கு மாற்றிப் பார்த்தேன். ஓரளவு பலன் இருந்தது. ஆனி பிறந்து குற்றாலத்துச் சாரல் தொடங்கியதும் வெயில் தணிந்துவிடும், இனிக் கவலையில்லை என்று நம்பியிருந்தேன். மேற்கிலிருந்து வந்த காற்று வெயிலைவிட விரைவாக வண்ணத்தை உலர்த்தியதோடு, ஈரப் பலகையில் தெருப் புழுதியையும் கொண்டுவந்து ஒட்டிற்று. இப்போது காற்று வரும் பக்கத்துக் கதவைச் சாத்திவிட்டுத்தான் உட்காருகிறேன்.

இதற்கு நல்ல தீர்வு அடுக்களையில் கிடைத்தது. மூடி இறுகும் ஒரு சாப்பாட்டு டப்பாவின் அடியில், இட்லித் துணியை நனைத்துப் பிழிந்து நாலாக மடித்து விரித்து, அதன்மேல் பட்டர் பேப்பரை ஒட்டினாற்போல் பரப்பி, அந்தத் தாளின்மீது வண்ணத்தை வைக்கிறேன். துணியிலுள்ள ஈரம் தாள் வழியே மெல்லக் கசிந்து வண்ணத்தைக் காயவிடாமல் காக்கிறது. வேலை முடிந்ததும் மூடிவைத்தால் மூன்றாம் நாளும் அதே வண்ணத்தைத் தொட்டு எழுதலாம். மெழுகு பூசிய தாளை ஒருமுறை போட்டுப் பார்த்தேன். அது ஈரத்தை மேலே விடவில்லை. துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தாலும் கெடுதல்தான், வண்ணம் நீர்த்து ஓடிவிடும். இட்லி ஊற்றுமுன் துணியைப் பிழிகிற அதே பதம் வேண்டும்.

நிறம் காய்ந்தபின் கருத்துப்போவது இன்னொரு தொல்லை. ஈரமாக இருக்கும்போது குழம்பு பால்போல் வெளுப்பாக இருந்து நிறத்தை வெளிறிக் காட்டுகிறது. காய்ந்தபின் அது கண்ணாடிபோல் தெளிந்துவிடுவதால் நிறம் ஒரு படி ஆழமாகிறது. முதல் நான்கு பலகைகளும் மறுநாள் காலையில் நான் நினைத்ததைவிட இருண்டே கிடந்தன. எனவே இப்போது எந்த நிறத்தைக் கலந்தாலும் ஜெஸ்ஸோ பூசிய அட்டைத் துண்டில் ஒரு பொட்டு வைத்து, அது காய்ந்த பிறகே பலகையைத் தொடுகிறேன். இந்த வழக்கம் வந்தபின் வீணான பலகை ஒன்றுதான்.

இந்த ஐந்து மாதத்தில் நான் மிகுந்த நேரம் செலவிட்டது சுளவின்மீது. மற்ற ஊர்களில் முறம் என்பார்கள்; எங்களுக்கு அது சுளவு. ஆச்சி வைத்திருப்பது பனையோலையில் முடைந்த பழைய சுளவு. ஓரத்தில் நார் வரிந்து கட்டியிருக்கும், நடுவில் தேய்ந்து பளபளத்திருக்கும். தார்சாவின் சிவப்புத் தரையில் அதைச் சாய்த்துவைத்து, காலை வெயில் ஒரு பக்கமாக விழும்படி ஏற்பாடு செய்துகொண்டு, ஓலையின் ஒவ்வொரு பின்னலையும் எண்ணி எண்ணி மூன்று நாள் வரைந்தேன். முடிந்ததும் பார்த்தால் சதுரங்கக் கட்டம் போலிருந்ததே தவிர, சுளவாகத் தெரியவில்லை. ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பலகையைக் கையில் வாங்கி, "ஏலே, சுத்திலும் ஒரே மாதிரி கரை கட்டிவச்சா தூசி எது வழியா வெளிய போவும்? முன்வாய் தாழ்ந்துல்லா இருக்கும்" என்றார்கள். அப்போதுதான் சுளவைச் சரியாகப் பார்த்தேன். பின்பக்கம் உயர்ந்து, இரு பக்கமும் சரிந்து வந்து, முன்னால் விளிம்பே இல்லாமல் திறந்து கிடந்தது. அரிசி பின்னே தங்கவும் உமியும் தூசும் முன்னே பறக்கவும் அமைந்த வடிவம் அது. மூன்று நாள் எதிரிலேயே வைத்திருந்தும், அது என்ன வேலை செய்கிறது என்பதை நினைக்காமலே வரைந்திருக்கிறேன்.

இரண்டாவது முறை வேறு வழியில் போனேன். மஞ்சள் காவியில் சற்றே பர்ன்ட் சியன்னாவைக் கலந்து சுளவு முழுவதையும் ஒரே நிறமாகப் பூசினேன். அது காய்ந்ததும் பள்ளமான பின்பகுதியில் இருண்ட நிறத்தை நீர்க்கக் கரைத்து இரண்டு படலமாக ஏற்றினேன். அடிப்பூச்சு கரைந்து கலங்காததால் பத்து நிமிடத்திலேயே அடுத்த படலத்தை ஏற்ற முடிந்தது. ஏப்ரலில் நான் நொந்துகொண்ட அதே வேகம் இங்கே துணையாக நின்றது. பின்னலில் வெயில் படும் முன்வாயருகே மட்டும் இருபது ஓலைக் கீற்றுகளைத் துல்லியமாக எழுதினேன். மற்ற இடங்களில் அங்கங்கே ஒரு கோடு, அவ்வளவே. முழுச் சுளவும் பின்னலாகத் தெரிந்தது.

தரையில் விழுந்த நிழலைத்தான் என்னால் நெடுநேரம் பிடிக்க முடியவில்லை. நிழல் என்றால் கறுப்பு என்று கை தானாகவே போகிறது. ஒரு தபால் அட்டையில் கடலைப் பருப்பு அளவுக்கு ஓட்டை போட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியே நிழலை மட்டும் பார்த்தேன். சுற்றியிருக்கும் நிறங்கள் மறைந்துவிடுவதால், ஓட்டைக்குள் தெரிவது எந்தப் பொருளின் நிறம் என்ற நினைப்பில்லாமல் வெறும் நிறமாகவே தெரியும். கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. வெயில் நேராகப் படாத அந்த இடத்தில் திறந்த வானத்தின் நீல ஒளி விழுகிறது. அது சிவப்புத் தரையோடு கலந்து அப்படித் தோன்றுகிறது. ஆச்சி நம்பவில்லை. அட்டையைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "பல்லாரித் தொலி கலருல்லா இருக்கு" என்றார்கள். உடனே அடுக்களையிலிருந்து ஒரு பல்லாரித் தொலியை, அதாவது பெரிய வெங்காயத்தின் தோலை, கொண்டுவந்து நிழலில் போட்டோம். என்னுடைய கத்தரிப்பூவைவிட அதுவே நெருக்கமாக இருந்தது. சிவப்பு, அல்ட்ராமரைன், துளி பர்ன்ட் சியன்னா, மிகக் கொஞ்சம் வெள்ளை. அந்தக் கலவையை எழுதிவைத்திருக்கிறேன். "பல்லாரி" என்றே பெயரிட்டு இன்றும் பயன்படுத்துகிறேன்.

எவர்சில்வர் செம்பு எளிதாகவே வந்தது. வெள்ளி நிறக் குழாய் எதுவும் தேவைப்படவில்லை. சன்னல் வெளிச்சம், சிவப்புத் தரை, என் சட்டை ஆகியவற்றின் நிறங்களை வளைந்த பட்டைகளாக அதனதன் இடத்தில் வைத்தால் செம்பு தானாகவே மின்னுகிறது.

பதநீர்ப் பட்டை அப்படியில்லை. மே மாதத்தில் சைக்கிளில் வரும் அண்ணாச்சியிடம் வாங்கி, ஓலைப் பட்டையை இரண்டு செங்கல்லுக்கு நடுவில் நிறுத்திவைத்துக்கொண்டு வரைய உட்கார்ந்தேன். "தம்பி, வெயில்ல வச்சுப் பாத்துகிட்டே இருந்தா புளிச்சிரும்லா" என்று அவர் எச்சரித்தது சரிதான்; கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினாலும் பதநீர் நெடுநேரம் தாங்காது, எனக்கு அரைமணி நேரமே இருந்தது. பதநீர் வெண்மையாகத் தெரிவதால் வெள்ளையைக் கலந்து பூசினேன். சுண்ணாம்பு கரைத்து ஊற்றியதுபோல் அடைத்துக்கொண்டது. மூன்றாம் நாள்தான் புரிந்தது. பதநீருக்கென்று தனி நிறத்தைத் தேடக் கூடாது. உள்ளே தெரியும் ஓலையின் பச்சையைச் சற்றே சாம்பல் படிந்ததாக எழுதி, நீர்மட்டம் ஓலையைத் தொடும் விளிம்பில் மயிரிழை அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு இழுத்தால் போதும். பட்டைக்குள் பதநீர் நிற்கிறது. பலகைகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுவே. இன்னும் இரண்டு முறை வரைய எண்ணியிருந்தேன்; அதற்குள் பருவம் முடிந்துவிட்டது.

ஆனித் தேரோட்டத்தின்போது தேரையே வரைய ஆசைப்பட்டு, கீழ ரத வீதியில் நின்று பென்சிலால் கிறுக்கிக்கொண்டு வந்தேன். நெல்லையப்பர் தேரை நாலு அங்குலத்தில் அடைத்தால் பொம்மையாகிவிடும் என்பது வீட்டுக்கு வந்ததும் தெரிந்தது. ஆகவே தரையில் சுருண்டு கிடந்த வடத்தின் ஒரு முறுக்கையும் அதைப் பற்றியிருந்த இரண்டு கைகளையும் மட்டும் எடுத்துக்கொண்டேன். கைகள் சரியாக அமையவில்லை, வடம் அமைந்தது. நார் பிரிந்து நிற்பதைக் காட்ட, பழைய தூரிகையின் மயிரைப் பிளந்து, ஈரம் போகத் துடைத்து, வறண்ட வண்ணத்தைத் தொட்டு இழுத்தேன்.

சேரன்மகாதேவிப் பக்கத்தில் கார்ப் பருவத்து நாற்றங்காலை வரைந்ததில் நான் தோற்றேன் என்றே சொல்ல வேண்டும். லெமன் மஞ்சளும் அல்ட்ராமரைனும் சேர்ந்தால் சற்றே மங்கிய பச்சைதான் வரும். பனைமட்டைக்கு அது பொருத்தம், இளநாற்றின் கண்கூசும் பச்சைக்குப் போதாது. வெள்ளை சேர்த்தால் வெளிறுகிறது. ஃப்தாலோ நீலம் கலந்தால் கிடைக்கும் என்று தெரிகிறது; அடுத்த நெற்பருவமான பிசானத்தின் நாற்றுக்கு முன்னால் ஏழாவது குழாயாக அதை வாங்கிவிடுவேன்.

தூரிகை கழுவும் தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அக்ரிலிக் காய்ந்தால் பிளாஸ்டிக். எங்கள் தெருச் சாக்கடை போய்ச் சேருவது வாய்க்காலில், வாய்க்கால் பாய்வது வயலில். எனவே தூரிகையை முதலில் பழைய துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, ஒரே குவளை நீரில் அலசி, அந்த நீரை மொட்டைமாடியில் அகன்ற தட்டில் ஊற்றி வைக்கிறேன். நம்மூர் வெயிலுக்கு இரண்டு நாளில் வற்றிவிடுகிறது. அடியில் படியும் படலத்தை உரித்துக் குப்பையில் போடுகிறேன்.

18ஆவது பலகையில் மீண்டும் சுளவுதான். இந்த முறை ஆச்சி புடைக்கும்போது வரைகிறேன். கைகள் அசைந்துகொண்டே இருப்பதால், சுளவு மேலே எழும்பி ஒரு கணம் நிற்கும் அந்த நிலையை மட்டும் நான்கு காலை பார்த்துப் பென்சிலில் குறித்துக்கொண்டேன். அடிப்பூச்சு முடிந்துவிட்டது, சேலையின் நிறமும் இறங்கிவிட்டது. முன்வாயிலிருந்து பறக்கும் உமியை எப்படி எழுதுவது என்று அட்டைத் துண்டுகளில் ஆறேழு விதமாகத் தெளித்துப் பார்த்திருக்கிறேன். பல் துலக்கும் பிரஷின் மயிரை விரலால் நெருடித் தெளித்தது இதுவரை நன்றாக இருக்கிறது, ஆனால் பொட்டுகள் பெரிதாக விழுகின்றன. வண்ணத்தை இன்னும் கொஞ்சம் நீர்க்கக் கரைத்து நாளைக் காலையில் பார்க்க வேண்டும். உளுந்து புடைக்க வேண்டியது பாக்கி இருப்பதாக ஆச்சி சொல்லியிருக்கிறார்கள்.