யுவர் கிரேஸ் மாஸ்ரர்

மாஸ்ரர் காலமான செய்தி வட்ஸ்அப்பில் வந்ததும் எங்கள் வகுப்புக் குழுவில் விழுந்த முதல் பதில்: "போய்வாருங்கள், யுவர் கிரேஸ்." ஐந்தாம் பாடத்தில் அவரிடம் ஆங்கிலக் கடிதம் எழுதப் பழகியவர்களுக்கு இது விளங்கும். பிரபுக்களில் டியூக்குக்கு மட்டுந்தான் "யுவர் கிரேஸ்". மார்க்குவிஸ், ஏர்ள், வைகவுண்ட், பரன் எல்லோருக்கும் "மை லோட்". மாறி எழுதினால் காது மிஞ்சாது.

சேர் பட்டம் பெற்றவரை முதற்பெயரால்தான் விளிக்கவேண்டும் என்பார். பிறகு தானே சிரிப்பார். "பொன்னம்பலம் இராமநாதனுக்கு எழுதினால் 'டியர் சேர் பொன்னம்பலம்'. அது அவற்றை தகப்பன்ரை பேரடா! தம்பி அருணாசலத்துக்கும் அதே சேர் பொன்னம்பலம். கடிதம் ஆற்றை வீட்டுக்குப் போறது?"

1971 இல், முன்னாள் மகாதேசாதிபதி சோல்பரி பிரபு இறந்தார். வைகவுண்ட் பட்டம் மூத்த மகனுக்கு வந்தது. அந்த மகனோ யோகர் சுவாமியின் சீடராகி, சந்தசுவாமி என்ற பெயரோடு செங்கலடி சிவதொண்டன் நிலையத்தில் இருந்தவர். மாஸ்ரருக்கு இதைவிட நல்ல பாடம் வாய்க்குமா? உறையில் "த வைகவுண்ட் சோல்பரி", உள்ளே "மை லோட்" என்று கரும்பலகையில் எழுதினார். பின்வாங்கிலிருந்து ஒருவன் எழும்பினான்: "சேர், சுவாமி எண்டு எழுதினால் காணாதோ?" பிரம்பு எழும்பவில்லை. "அவர் அதைத்தான் விரும்புவார். சோதினையில எழுதினால் மாக்ஸ் இல்லை."

நான் லண்டன் வந்த புதிதில் அவர் போட்ட நீலக் கடிதத்தில் என் பெயருக்குப் பின்னால் "எஸ்குவயர்" என்றிருந்தது. முன்னால் மிஸ்டர் இல்லை, இரண்டும் சேரக்கூடாது. அந்த எஸ்குவயர் அப்போது பெற்றோல் ஸ்ரேசனில் இரவு வேலை.

பின்னொருநாள் சங்க விழாவுக்கு ஒரு பிரபுவை அழைத்தோம். செயற்குழு எழுதிய கடிதத்தில் "டியர் லோட்" என்பதற்குப் பின் முதற்பெயரும் இருந்தது. அதை வெட்டினேன். மற்றவர்கள் என்னை ஒருமாதிரிப் பார்த்தார்கள். அவர்கள் வேறு பள்ளிக்கூடம்.

மாஸ்ரரின் கடைசிக் கடிதம் 1980களில் வந்தது. இளைப்பாறப் போகிறாராம், ஆங்கிலத்துக்கு ஆளில்லையாம், நான் வந்தால் ஐந்தாம் பாடத்தைத் தந்துவிட்டுப் போவாராம். விண்ணப்பம் எழுதும் முறையும் கீழே இருந்தது: அதிபர் பிரபு அல்ல, வெறும் "சேர்" போதும். நான் அதற்குள் இங்கே வீட்டுக்கு மோட்கேஜ் எடுத்திருந்தேன்.