பருவுக்கு வைத்த டீ ட்ரீ ஆயில்

ஜூலை 27, ஞாயிறு
தாடையோரம் மறுபடி பருக்கள். குளியலறை ஜன்னல் திட்டில் டீ ட்ரீ ஆயில் இருந்தது. வாங்கி ஒன்றரை வருஷமிருக்கும். எதிலும் கலக்காமல் பஞ்சில் தொட்டு அப்படியே வைத்தேன். (சில வீடியோக்களில் இதைத் 'தேயிலை எண்ணெய்' என்கிறார்கள். தேயிலைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆஸ்திரேலிய மரம் ஒன்றின் இலையிலிருந்து வடிப்பது.)

ஆகஸ்ட் 3
பரு வற்றுகிறது. தினம் ராத்திரி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு
தாடை முழுக்க அரிப்பு, சிவப்பு, பொடிப்பொடியாய்க் கொப்புளம். "உடம்புச் சூடு, எண்ணெய் தேச்சுக் குளி" என்றார் அம்மா. நான் புது சன்ஸ்கிரீனைச் சந்தேகப்பட்டு நிறுத்திவிட்டேன். மூன்று வாரம் சாதுவாக இருந்த எண்ணெய் மேல் சந்தேகமே வரவில்லை. அரிப்புக்கும் அதையே வைத்தேன்!

ஆகஸ்ட் 20
இமை வீங்கிவிட்டது. தோல் டாக்டர் முதலில் கேட்டதே, "முகத்துல என்னென்ன போடுறீங்க?" அந்த மூன்று வாரம் சும்மா போகவில்லையாம்; உடம்பு அந்தப் பொருளை அடையாளம் கண்டு எதிர்க்கப் பழகிக்கொண்டிருந்ததாம். ஒருமுறை பழகிவிட்டால் பெரும்பாலும் மறக்காது. போதாததற்கு என் பாட்டில் பழசு. காற்றும் வெளிச்சமும் பட்டுப்பட்டு எண்ணெய் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் அஸ்காரிடோல் போன்ற வேதிப்பொருட்கள் உருவாகும். புது எண்ணெயைவிட அவை பொல்லாதவை. இமையில் நான் தடவவே இல்லையே என்றேன். விரலில் ஒட்டியதே போதுமாம், அவ்வளவு மெல்லிய தோல்.

செப்டம்பர் 22, திங்கள்
முதுகில் பேட்ச் டெஸ்ட். எது ஒவ்வாமை தருகிறது என்று தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை. வரிசையாகச் சின்னச் சின்ன வில்லைகள். ஒன்றில் வாஸ்லினில் 5% கலந்த டீ ட்ரீ, ஒன்றில் என் சன்ஸ்கிரீன். முதுகு நனையக் கூடாது, வியர்க்கக் கூடாது. மதுரையில்!

செப்டம்பர் 24
பிரித்தார்கள். ஓரிடம் சிவந்திருக்கிறது. "வெறும் எரிச்சல்னா வெள்ளிக்கிழமைக்குள்ள அடங்கும். ஒவ்வாமைன்னா ஏறும்."

செப்டம்பர் 26
ஏறியிருந்தது. தடித்து, கொப்புளத்தோடு. சீட்டில் டீ ட்ரீக்கு நேரே இரண்டு கூட்டல் குறி, அதாவது பலமான ஒவ்வாமை. சன்ஸ்கிரீன் நிரபராதி.

செப்டம்பர் 28
வீட்டிலுள்ள டப்பாக்களை எல்லாம் திருப்பிப் படித்தேன். முன்பக்கம் 'இயற்கை' என்று கொட்டை எழுத்து. பின்பக்கம் எறும்பு எழுத்தில் 'மெலலூக்கா'. அதுதான் இந்த மரத்தின் பெயர். என் ஷாம்பு, அக்காவின் பாத க்ரீம், இரண்டிலும் இருக்கிறது. பாட்டிலை எறியப் போனேன். "காசு போட்டு வாங்கினது" என்று அம்மா பிடுங்கி, வீடு துடைக்கும் வாளியில் ஊற்றிவிட்டார். தரை காயும்வரை மொட்டைமாடியில் உட்கார்ந்திருக்கிறேன்.