50 ஹெர்ட்ஸ்: மே மாதக் குறிப்புகள்

மே 4
அக்னி நட்சத்திரம் ஆரம்பம். காலை எட்டு மணிக்கே கோட்டை அகழி ஓரம் நிற்க முடியவில்லை. அப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை.

லேபில் அதே அலை. மண்புழு நரம்பின் மின்துடிப்பைப் பதிவு செய்யப் பார்க்கிறேன். வரவேண்டியது மைக்ரோவோல்ட் கணக்கில், ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. திரையை அடைத்துக்கொண்டு நிற்பதோ பட்டையான இரைச்சல். ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெகண்ட். அதாவது 50 ஹெர்ட்ஸ், நம் வீட்டுக் கரண்டேதான். நரம்பு பேசினாலும் அதற்குள் புதைந்துபோகும்.

மே 5
காப்பர் வலைக் கூண்டுக்குள் வைத்தும் போகவில்லை. கூண்டு மின்புலத்தைத் தடுக்கும். 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்துக்கு அந்த வலை ஒரு பொருட்டே இல்லை. தூரம்தான் மருந்து. மேசைக்கடியில் இருந்த யூபிஎஸ்ஸை வாசல் பக்கம் இழுத்து வைத்தேன். கொஞ்சம் குறைந்தது. கொஞ்சம்தான்.

மே 7
ரயில் மேல் சந்தேகம். காட்பாடி லைனிலும் 25,000 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஹாரன் கேட்கும்போதெல்லாம் நேரம் எழுதினேன். பதினொரு வண்டி. அலை இம்மியும் மாறவில்லை.

மே 8
அப்பா அரை இட்லி.

மே 9
எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 7 வோல்ட். "எர்த் குழி காஞ்சு கெடக்குதும்மா. பாறை பூமி, மே மாசத்துல இப்படித்தான்" என்றார். நான்கு குடம் ஊற்றினோம். மண் சொர்ரென்று குடித்தது. 2 வோல்ட்டுக்கு இறங்கியது.

அப்புறம் பார்த்தால் ஆம்ப்ளிஃபையர் ஒரு சுவர் பிளக்கில், லேப்டாப் சார்ஜர் எதிர்ச் சுவரில். இரண்டு எர்த்தும் சிக்னல் கேபிளும் சேர்ந்து ஒரு பெரிய வளையம். வளையம் பெரிதாகப் பெரிதாக காந்தப்புலத்தை அதிகம் வாங்கும். எல்லாவற்றையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் செருகினேன். இரைச்சல் பாதியானது.

பக்கத்து லேப் பையன், எர்த் பின்னை வெட்டிவிட்டால் முழுசாகப் போய்விடும் என்கிறான். ஈரக் கையோடு உப்புநீரைத் தொட்டு வேலை செய்யும் மேசை இது. வந்த கோபம் ராத்திரி வரை போகவில்லை.

மே 11
ராத்திரி 9.10, பவர் கட். ஆம்ப்ளிஃபையருக்கு இரண்டு 9 வோல்ட் பேட்டரி மாட்டியிருந்தேன். யூபிஎஸ் கீ கீ என்று கத்தியது, அணைத்தேன். இருட்டில் லேப்டாப் வெளிச்சம் மட்டும். பட்டை மெலிந்து மெலிந்து தலைமுடி அளவுக்கு வந்தது. அதில் ஒரு குத்து. பிறகு இன்னொன்று. நரம்பு!

9.31க்குக் கரண்ட் வந்தது. மறுபடி பட்டை. அந்த இருபத்தோரு நிமிடம் போதும், நரம்பு உயிரோடுதான் இருக்கிறது.

மே 12
அப்பாவின் ரிப்போர்ட் வரவில்லை. நாளைக்குப் பார்ப்போம் என்கிறார்கள்.

மே 13
ஒவ்வொன்றாக அணைத்தேன். ஃபிரிட்ஜ் இல்லை. ஏசி இல்லை. ரயிலும் இல்லை, இன்றும் கேட்டுப் பார்த்தேன். டியூப்லைட்டை அணைத்தால் குறைகிறது. அதற்கு ஒரு முழம் கீழே சலைன் பாட்டில். பாட்டிலிலிருந்து ஒன்றரை மீட்டர் டியூப், நேராக நரம்பு கிடக்கும் தொட்டிக்குள். டியூபைத் தொட்டியிலிருந்து தூக்கினேன், கோடு மெலிந்தது. கையை டியூப் பக்கம் கொண்டுபோனால் தடிக்கிறது. உப்புநீரே ஆன்டெனா. வயர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். ஆனால் ஓட்டத்தை நிறுத்தினால் நரம்பு செத்துப்போகும்.

மே 14
வார்டில் உட்கார்ந்திருந்தேன். அப்பாவின் டிரிப். பாட்டிலுக்குக் கீழே அந்தச் சின்னக் குப்பி. சொட்டு திரண்டு, தொங்கி, விழுகிறது. விழும் சொட்டுக்கும் கீழே தேங்கிய நீருக்கும் நடுவே காற்று. தண்ணீர் அங்கே அறுந்திருக்கிறது. தண்ணீர் அறுந்தால் கரண்டும் அறும்.

"என்னம்மா அப்படிப் பார்க்கறீங்க, காத்து ஏறிடுச்சா?" என்று நர்ஸ் அக்கா ஓடி வந்தார். இல்லக்கா என்றேன். இறங்கிப் போய் மெடிக்கல் ஷாப்பில் இரண்டு டிரிப் செட் வாங்கினேன்.

மே 15
மாட்டியாயிற்று. கோடு நூல்மாதிரி. வேகமாகத் திறந்தால் சொட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டித் தாரையாகி, இரைச்சல் திரும்புகிறது. நிமிடத்துக்கு நாற்பது சொட்டில் நிறுத்தினேன். மூன்று மணி நேரம் பதிவு. அப்பாவுக்கு 99 டிகிரி.

மே 16
வார்டிலிருந்து போன். ரிப்போர்ட் வந்துவிட்டதாம். கிளம்புகிறேன், சொட்டு ஓடிக்கொண்டே இருக்கட்டும்.