தொட்டுக் கும்பிடுவதும் தொட்டுப் பார்ப்பதும்

வண்டி ஓட்டுவதையே பிழைப்பாகக் கொண்டவர்களில் பெரும்பாலானோருக்குக் கிளம்பும் முன் செய்கிற ஏதோ ஒன்று இருக்கும். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார் ஒருவர். கண்ணாடியில் தொங்கும் தாயத்தைத் தொடாமல் சாவி போடமாட்டார் இன்னொருவர். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்த பிறகே ஏறுகிறவர்கள் உண்டு. ‘ஆக்சிடென்ட்’ என்ற சொல்லை வண்டிக்குள் யாரும் சொல்லிவிடக் கூடாது என்பவர்களும் உண்டு. இவர்களை இளக்காரமாகப் பேசுவது சரியல்ல. எதிரே வருகிறவன் தூங்கியிருக்கிறானா, அடுத்த வளைவில் எண்ணெய் கொட்டிக் கிடக்கிறதா என்று தெரியாமலேயே நாள்தோறும் பல மணி நேரம் சாலையில் இருக்கிறவர்கள் அவர்கள். தன் கையில் இல்லாததைத் தன் கைக்குள் கொண்டுவரப் பார்ப்பது மனித இயல்பு. மாலினோவ்ஸ்கி என்ற மானுடவியலாளர் ட்ரோப்ரியாண்ட் தீவு மீனவர்களிடம் இதைக் கண்டார். அமைதியான உள்கடலில் மீன் பிடிக்கப் போகும்போது அவர்களிடம் மந்திரம் இல்லை. ஆபத்தும் நிச்சயமின்மையும் நிறைந்த திறந்த கடலுக்குப் போகும்போதுதான் மந்திரச் சடங்குகள் பெருகின. சாலையும் திறந்த கடல்தான்.

ஒரு சடங்கு எப்படி உறுதிப்படுகிறது என்பதற்கு 1948இல் ஸ்கின்னர் என்ற உளவியலாளர் எழுதிய புறா ஆய்வு நல்ல விளக்கம். பசித்த புறாக்களுக்கு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், குறித்த இடைவெளியில் தீனி வந்தது. எட்டில் ஆறு புறாக்கள் ஆளுக்கொரு வினோதச் செய்கையைப் பிடித்துக்கொண்டன. ஒன்று கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒன்று மூலையை நோக்கித் தலையை நீட்டிக்கொண்டே இருந்தது. தீனி வந்த நொடியில் தற்செயலாகச் செய்துகொண்டிருந்த செயல், தீனிக்குக் காரணமாகத் தோன்றிவிட்டது. ஓட்டுநருக்கு அந்தத் தீனி, பத்திரமாக வீடு திரும்புவது. பெரும்பாலான பயணங்கள் பத்திரமாகவே முடிவதால், அதற்கு முன் எதைச் செய்திருந்தாலும் அது பலித்ததாகவே தெரியும். மொட்டை டயரோடு ஓட்டியதும்கூட நூறு முறை பலிக்கும்.

சடங்குக்கும் பழக்கத்துக்கும் உருவத்தில் வேறுபாடு குறைவு. இரண்டும் ஒரே இடத்தில், ஒரே வரிசையில், தவறாமல் நடப்பவை. வேறுபாடு ஒன்றுதான். பழக்கம் வண்டியிடம் ஒரு கேள்வி கேட்கிறது. ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று வண்டி பதில் சொன்னால் ஓட்டுநர் இறங்கிவிடுகிறார். சடங்குக்கு அந்தப் பதில் வர வழியே இல்லை. தாயத்தைத் தொட்டதும் அது கையில் சுட்டு யாரும் பயணத்தை நிறுத்தியதில்லை. சக்கரத்தின் நடுவிலிருக்கும் வீல் ஹப்போ, கோளாறு இருந்தால் தொட்டதும் சுடும்.

வண்டியைச் சுற்றி வரும் வழக்கமுள்ளவர்களுக்கு இதனால் ஒரு வசதி. அவர்களுடைய கால் ஏற்கெனவே நடக்கிறது, கண்ணுக்கு வேலை கொடுத்தால் போதும். ஓட்டுநர் கதவில் தொடங்கி முன்பக்கமாகப் போய் முழுச் சுற்று வருவது எளிது. முதலில் வண்டிக்கு அடியில் தரையைப் பார்க்க வேண்டும். தெளிந்த நீர் ஏசியிலிருந்து வந்திருக்கலாம். கருப்பு எண்ணெய் என்ஜினுடையது. சக்கரத்தின் உட்பக்கத்தில் வழுவழுப்பான ஈரம் இருந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்க வாய்ப்பு உண்டு, பார்க்காமல் எடுக்கக் கூடாது. அடுத்து வீல் நட்டுகள். நட்டைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருந்தாலோ, ரிம்மில் நட் உட்காரும் இடம் பளபளவென்று தேய்ந்திருந்தாலோ நட் தளர்ந்து ஆடுகிறது என்று பொருள். சக்கரம் மாற்றினால் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை மறுபடி முறுக்க வேண்டும், ஏனென்றால் புதிதாக உட்கார்ந்த பரப்புகள் ஓட்டத்தில் படிந்து இறுக்கம் குறையும். இதைத் தவற விட்டவர்களின் சக்கரம்தான் பெரும்பாலும் கழன்று ஓடுகிறது.

டயரைக் காலால் உதைத்துப் பார்ப்பது சடங்கு. முழுதாகக் காற்று இறங்கிய டயரை அது காட்டும்; பாதி இறங்கியதைக் காட்டாது. லாரியின் பின்புற இரட்டை டயரில் உள் டயர் இறங்கியிருந்தால் வெளி டயர் இரண்டு டயரின் பாரத்தையும் சுமக்கும், வெளியிலிருந்து பார்க்க எல்லாம் சரியாகவே இருக்கும். இறங்கிய உள் டயர் நசுங்கி நசுங்கிச் சூடேறித் தீப்பிடிப்பதும் உண்டு. கம்பியால் தட்டி ஓசை கேட்பது உதைப்பதைவிட மேல், ஆனாலும் அளவு சொல்வது காற்றழுத்தம் பார்க்கும் கேஜ் மட்டுமே. அதையும் டயர் குளிர்ந்திருக்கும்போது பிடிக்க வேண்டும், அதாவது குறைந்தது 3 மணி நேரம் நின்ற பிறகு. ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடுதலாகத்தான் காட்டும். ‘காற்று அதிகமாகிவிட்டது’ என்று அப்போது இறக்கிவிடுகிறவர், குளிர்ந்த பிறகு இருக்க வேண்டியதைவிடக் குறைந்த காற்றோடு ஓட்டுகிறார். காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி நிமிரும். அந்த மடிப்பில் பிறக்கும் சூடு உள்ளே ரப்பரையும் கம்பி அடுக்கையும் பிரிக்கும். கோடையில் டயர் வெடிப்பதற்கு அதிகக் காற்றைக் குற்றம் சொல்வது பரவலான நம்பிக்கை. உண்மையில் குறைந்த காற்று, கூடுதல் பாரம், வேகம் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் பெரும்பாலும் டயரை வெடிக்க வைக்கின்றன. எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பது காரில் கதவுத் தூணில் ஒட்டிய தாளில் இருக்கும். டயர் சுவரில் பொறித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, பிடிக்க வேண்டிய அளவு அல்ல.

கூடவே டயரின் பள்ளத்தில் விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். பள்ளங்களுக்கு நடுவே குறுக்கே சிறு மேடுகள் இருக்கும், 1.6 மில்லிமீட்டர் உயரம். டயரின் மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயர் முடிந்தது. மழையில் நீரை வெளியே தள்ளும் திறன் அதற்கு வெகு முன்பே குறைந்துவிடும் என்பதால் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றுவது நல்லது. சுவரில் கொப்புளம் தெரிந்தால் உள்ளே இழை அறுந்திருக்கிறது. அந்த டயரை ஸ்டெப்னியாகக்கூட வைத்திருக்கக் கூடாது.

இருக்கையில் அமர்ந்ததும் பிரேக். என்ஜின் ஓடாதபோது பெடலை மூன்று நான்கு முறை மிதித்து, அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் கீழே இறங்கி நிற்க வேண்டும். இறங்காவிட்டால், மிதிக்கும் விசையைப் பெருக்கித் தரும் பூஸ்டர் உதவவில்லை. இறங்கி நிற்காமல் மெல்ல மெல்ல அடிவரை போனால் எங்கோ கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டரில் வாஷர் போய்விட்டது. ஏர் பிரேக் வண்டியில் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, என்ஜினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, பெடலை ஒரு நிமிடம் முழுதாக மிதித்துப் பிடிக்க வேண்டும். தனி வண்டியில் 3 பிஎஸ்ஐக்கு (காற்றழுத்த அலகு) மேலும் டிரெய்லர் மாட்டியிருந்தால் 4 பிஎஸ்ஐக்கு மேலும் காற்றழுத்த முள் இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது. இந்த ஒரு நிமிடத்தைத்தான் அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

பிரேக் ஆயிலைப் பற்றி ஓட்டுநர்களுக்கே போதுமான பயம் இல்லை. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரிவரை விழலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே இறங்கினால் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டாகும், குமிழி அழுந்தும், பெடல் பஞ்சு போல் தரையைத் தொடும், சக்கரம் நிற்காது. அதனால்தான் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவதும், இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைப்பதும். ‘நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம்’ என்பதும் ஒரு நம்பிக்கைதான். இன்றைய என்ஜின்களில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டால் எரிபொருள் முற்றிலும் நின்றுவிடும். நியூட்ரலில்தான் என்ஜின் தன் ஓட்டத்துக்காகக் குடித்துக்கொண்டிருக்கும்.

சில சடங்குகள் பயனற்றவை மட்டுமல்ல, கெடுதலும் செய்பவை. கண்ணாடியில் தொங்கவிடும் பொருளை எடுத்துக்கொள்வோம். 8 சென்டிமீட்டர் அகலமுள்ள பொம்மை கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டர் தொலைவில் தொங்கினால், 30 மீட்டருக்கு அப்பால் ஒரு கண்ணுக்கு 4 மீட்டர் அகலத்தை மறைக்கும். ஒரு கண்ணுக்கு மறைவதில் பெரும்பகுதியை மறு கண் பார்த்துவிடும் என்றாலும், இரண்டுக்கும் சேர்ந்தே தெரியாத ஒரு பட்டை ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் மிஞ்சும். சாலையைக் கடக்கும் ஓர் ஆள் அதற்குள் அடங்கிவிடுவார். முன்கண்ணாடியின் ஓரத் தூண் செய்கிற மறைப்பும் இப்படித்தான். சந்திப்பில் பக்கவாட்டிலிருந்து வரும் இருசக்கர வண்டி நம் வேகத்துக்கு இணையாக நகர்ந்தால் தூணின் பின்னாலேயே ஒளிந்து வரும். தலையை முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பதே அதற்கு வழி. தொங்கும் பொருளுக்கோ கழற்றிவிடுவதே வழி. நம்பிக்கையுள்ளவர்கள் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். டாஷ்போர்டில், குறிப்பாக ஏர்பேக் மூடியின் மேல், எதையும் ஒட்டவே கூடாது. ஏர்பேக் 50 மில்லிசெகண்டுக்குள் விரியும். மேலே ஒட்டியிருப்பது அதே வேகத்தில் முகத்தை நோக்கி வரும்.

நல்ல நேரத்துக்குக் காத்திருந்து கிளம்புகிறவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். 200 கிலோமீட்டரை 80 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க இரண்டரை மணி நேரம். 20 நிமிடம் தாமதமாகக் கிளம்பி, சேர வேண்டிய நேரத்துக்கே சேர வேண்டுமென்றால் வேகம் 92ஐத் தாண்ட வேண்டும். வேகம் 15 சதவீதம் கூடியதுதான். ஆனால் பிரேக் பிடித்து வண்டி நிற்கும் தூரம் வேகத்தின் இருமடிப்படி கூடுவதால் அது ஏறக்குறைய 33 சதவீதம் கூடிவிடுகிறது. நேரம் பார்த்துக் கிளம்புகிறவர் தாமதமாகச் சேர்வதாக முன்கூட்டியே சொல்லிவிட்டால் இந்த ஆபத்து இல்லை. பூனை குறுக்கே போனதும் நெடுஞ்சாலையில் சட்டென்று நிறுத்துவதற்கோ மன்னிப்பே இல்லை. பின்னால் வருகிறவருக்கு அந்தப் பூனை தெரியாது.

தூக்கத்தைச் சுற்றித்தான் மிக அதிகமான மந்திரங்கள் இருக்கின்றன. ஜன்னலைத் திறந்துவிடுவது, பாட்டைச் சத்தமாக வைப்பது, எதையாவது மென்றுகொண்டிருப்பது, முகத்தில் தண்ணீர் அடிப்பது, இவை எல்லாம் சில நிமிடங்களுக்குமேல் தாங்காதவை. 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கைத்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்குக் குறைகிறது என்று 1997இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. கண் செருகுவது 4 நொடிதான் என்றாலும் 80 கிலோமீட்டர் வேகத்தில் 89 மீட்டர் தூரம் வண்டி ஆளில்லாமல் ஓடியிருக்கும். நள்ளிரவு 2 முதல் காலை 6 வரையும் பிற்பகல் 2 முதல் 4 வரையும் உடல் தானாகவே மந்தப்படும் நேரம். கடைசி இரண்டு கிலோமீட்டர் நினைவில் இல்லை, கொட்டாவி அடுத்தடுத்து வருகிறது, வண்டி கோட்டைத் தொட்டு விலகுகிறது என்றால் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி நிறுத்த வேண்டும். ஒரு கோப்பை காபி குடித்துவிட்டு உடனே 15, 20 நிமிடம் தூங்குவது நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் காஃபின் பிடிக்க ஏறக்குறைய அரை மணி நேரமாகும். விழிக்கும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். அதற்குமேல் தூங்கினால் எழுந்தபின் சிறிது நேரம் தலை கனக்கும். இதுவும் ஒருமுறைக்கான கடன்தான், இரவுத் தூக்கத்துக்கு ஈடாகாது.

நல்ல பழக்கமும் நாளடைவில் சடங்காகிவிடும் என்பது இந்தத் தொழிலில் மிகவும் கவலைப்பட வேண்டிய விஷயம். கண்ணாடியை நோக்கித் தலை திரும்புகிறது, கண் எதையும் பார்க்கவில்லை. சோதனைத் தாளில் பத்துக் கட்டத்திலும் டிக் விழுகிறது, ஆள் கேபினை விட்டு இறங்கவில்லை. விமானத் துறை சரிபார்ப்புப் பட்டியலை ஏற்றது 1935 அக்டோபர் 30இல் போயிங் 299 விமானம் சோதனை ஓட்டத்தில் விழுந்த பிறகு. அனுபவம் மிக்க விமானிகள், தரையில் நிற்கும்போது விமானத்தைத் திருப்பும் மடல்கள் காற்றில் ஆடாமலிருக்கப் போடும் பூட்டை விடுவிக்க மறந்திருந்தார்கள். மறதிக்கும் திறமைக்கும் தொடர்பில்லை என்பதை அந்த விபத்து காட்டியது. ஜப்பானிய ரயில் ஓட்டுநர்கள் சிக்னலைக் கையால் சுட்டி, அதன் நிறத்தை வாயால் சொல்லி, அதன் பிறகே நகர்த்துகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பூசை போலத்தான் இருக்கும். ஆனால் சொல்ல வேண்டுமானால் பார்த்தே ஆக வேண்டும், அதனால் அது சடங்காகத் தேயாது. லாரி ஓட்டுநருக்கும் இது பொருந்தும். ‘டயர் பார்த்தாச்சு’ என்று சொல்வதைவிட ‘முன் டயர் 110, பின் உள் டயர் 105’ என்று எண்ணைச் சொல்லி எழுதுவது மேல். டிக் பொய் சொல்லும். எண்ணைக் கண்டுபிடிக்க கேஜைக் கையில் எடுத்தாக வேண்டும்.

நூலிழையில் தப்பிய பிறகு என்ன நடக்கிறது என்பதைக் கவனித்தாலும் இரண்டு மனப்பாங்குகளும் பிரிந்து தெரியும். ‘கடவுள் காப்பாற்றினார்’ என்று சொல்லி நன்றி செலுத்துவதில் தவறில்லை. அதோடு விசாரணை முடிந்துவிடுவதுதான் தவறு. முன்னால் போன வண்டியோடு எத்தனை நொடி இடைவெளி இருந்தது? சாலையோரக் கம்பம் ஒன்றை அந்த வண்டி கடந்ததும் எண்ணத் தொடங்கி, நம் வண்டி அதே கம்பத்தை அடையும்வரை குறைந்தது 3 நொடி இருக்க வேண்டும். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது 67 மீட்டர். மழையிலும் பாரம் ஏற்றியபோதும் அதைவிட அதிகம் வேண்டும். பிரேக் மிதித்தபோது வண்டி ஒரு பக்கம் இழுத்ததா? எத்தனை மணி நேரம் விழித்திருந்தார்? கண் சாலையில் இருந்ததா, போனில் இருந்ததா? இந்த நான்கையும் அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதிவைத்தால் மாதக் கடைசியில் படிக்கும்போது ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். மேலாளர் அந்த நோட்டைத் தண்டிக்கப் பயன்படுத்தினால் மறுமாதம் அதில் எதுவும் இருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பயணம் முடிந்து நிறுத்தியதும் இன்னொரு சுற்று. இதைச் செய்கிறவர்கள் குறைவு, பலனோ கிளம்பும் முன் வருவதைவிட அதிகம், ஏனென்றால் கோளாறு சூடாக இருக்கும்போதே அகப்படும். புறங்கையை ஒவ்வொரு ஹப்புக்கும் அருகே கொண்டுபோக வேண்டும், முதலில் தொடாமல். நான்கில் ஒன்று மட்டும் கூடுதலாகச் சூடு வீசினால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் போகிறது. எந்தச் சக்கரம் என்பதை எழுதி, சாவியோடு சேர்த்து மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.