மஞ்சள் மாத்திரை, வாரத்துக்கு ஒரே நாள்

குழந்தைகளுக்கு வரும் நாள்பட்ட மூட்டழற்சியை மருத்துவமனையில் ‘ஜேஐஏ’ என்பார்கள். 16 வயது முடிவதற்குள் தொடங்கி, ஒரு மூட்டாவது 6 வாரத்துக்குக் குறையாமல் வீங்கியிருந்து, வேறு காரணமும் பிடிபடாவிட்டால் இந்தப் பெயர். பல பிள்ளைகளுக்கு இதற்கு எழுதித் தரும் மருந்து மெத்தோட்ரெக்சேட். பழைய மருந்து, விலையும் குறைவு, சரியாகக் கொடுத்தால் நன்றாகவே கேட்கும். பிசகு வருவது பெரும்பாலும் வீட்டில், மாத்திரையைப் பிரித்துக் கொடுக்கிற கையில்.

முதல் பிசகு கிழமையில். இது வாரத்துக்கு ஒரு முறை மட்டும் கொடுக்கிற மருந்து. கூடவே எழுதித் தரும் ஃபோலிக் அமில மாத்திரையும் சின்னது, அதுவும் பெரும்பாலும் மஞ்சள். இரண்டும் ஒரே டப்பாவில் கிடந்தால், அம்மா ஊருக்குப் போன வாரம் பாட்டி எதைத் தினமும் கொடுப்பார் என்று சொல்ல முடியாது. மெத்தோட்ரெக்சேட்டைத் தொடர்ந்து நாலைந்து நாள் கொடுத்துவிட்டால் வாயெல்லாம் புண்ணாகும், பிறகு ரத்த அணுக்கள் இறங்கும். அப்போது வீட்டிலிருக்கும் ஃபோலிக் மாத்திரையைக் கூடுதலாகப் போட்டால் சரியாகாது. மாற்று மருந்தான ஃபோலினிக் அமிலம் வேறு, அதை மருத்துவமனையில்தான் கொடுப்பார்கள். வாய்ப்புண் வரட்டும் என்று காத்திருக்காமல், தவறு தெரிந்த நிமிடமே கிளம்ப வேண்டும். மெத்தோட்ரெக்சேட்டைத் தனி டப்பாவில், பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். டப்பா மேல் ‘சனி’ என்று சுருக்காமல் ‘சனிக்கிழமை இரவு மட்டும்’ என்று முழுக்க எழுதுங்கள். சனிக்கிழமை மருந்து ஆரம்பிக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னால் வெள்ளிக்கிழமை வைத்துக்கொள்ளலாம். நாள் எதுவானாலும் வாராவாரம் அதே நாளாக இருந்தால் போதும். மறுநாள் பிள்ளை கொஞ்சம் சோர்ந்திருக்கும் என்பதால் விடுமுறைக்கு முந்தின இரவு வசதி. மறந்துவிட்டால் இரண்டு நாளுக்குள் கொடுக்கலாம், அதற்கு மேல் போனால் அந்த வாரத்தை விட்டுவிட வேண்டும். சேர்த்து இரட்டிப்பாக ஒருபோதும் கூடாது.

இரண்டாவது பிசகு எண்ணிக்கையில். “அஞ்சு மாத்திரை” என்று நினைவில் வைக்காதீர்கள், மில்லிகிராமை வையுங்கள். 2.5 மி.கி. மாத்திரையில் ஐந்து போட்டால் 12.5 மி.கி. அடுத்த மாதம் கடைக்காரர் 7.5 மி.கி. அட்டையைக் கொடுத்து, அதிலும் ஐந்து போட்டால் 37.5 மி.கி. இரண்டு அட்டையும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். எப்போதும் ஒரே பலத்தில் மட்டும் வாங்குவதே பாதுகாப்பு.

இதே மருந்தை ஊசியாகப் போடும்போது இந்தக் குழப்பம் இன்னும் கூடும். அளவை உடல் பரப்பைக் கொண்டு கணக்கிடுவார்கள். சதுர மீட்டருக்கு 10 முதல் 15 மி.கி. வழக்கம். 20 கிலோ எடை, 115 செ.மீ. உயரமுள்ள பிள்ளைக்குப் பரப்பு சுமார் 0.8 சதுர மீட்டர், ஆகவே உச்ச அளவு 12 மி.கி. அளவில் வரும். இதை டாக்டர் 12.5 என்று எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடையில் கிடைக்கும் 2 மி.லி. குப்பிகளில் ஒன்றில் 50 மி.கி. இருக்கும், இன்னொன்றில் 15 மி.கி. தான். முதல் குப்பியில் 0.5 மி.லி. எடுத்தால் சரியாக 12.5. இரண்டாவதில் அதே 0.5 எடுத்தால் 3.75 தான் உள்ளே போகும். மாதக்கணக்கில் இப்படிப் போட்டுவிட்டு ‘மருந்து கேட்கவில்லை’ என்று வந்து நிற்பவர்கள் உண்டு. தலைகீழாக நடந்தால் மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிடும்.

இன்சுலின் சிரிஞ்சில் ஏற்றுபவர்கள் மூடியின் நிறத்தையும் பார்க்க வேண்டும். நம் ஊரில் சிவப்பு மூடி யூ-40 (மி.லி.க்கு 40 யூனிட்), ஆரஞ்சு மூடி யூ-100 (மி.லி.க்கு 100 யூனிட்). சிவப்பில் 20-ஆம் கோடு 0.5 மி.லி.; ஆரஞ்சில் அதே 20-ஆம் கோடு 0.2 மி.லி. தான். ‘20 யூனிட்’ என்று மட்டும் எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டு வராதீர்கள். எத்தனை மி.கி., எத்தனை மி.லி., எந்தக் குப்பி, எந்த மூடி, நான்கையும் எழுதி வாங்குங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் குப்பியை அவர் தொடக் கூடாது.

மருந்தைவிட அதன் குமட்டல்தான் வீடுகளை அதிகம் படுத்துகிறது. சில மாதம் போனதும் மஞ்சள் நிறத்தைப் பார்த்தாலே பிள்ளைக்கு ஓங்கரிப்பு வரும். இது அடம் இல்லை, உடம்பு பழகிக்கொண்ட எதிர்வினை. அதட்டினால் வாந்தி முந்திக்கொள்ளும். ஆரம்பத்திலேயே தடுப்பதுதான் வழி: டாக்டர் சொன்ன வாந்தித் தடுப்பு மருந்தான ஆன்டான்செட்ரானை அரை மணி முன்னால் கொடுத்து, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை, உடனே தூக்கம். சிரிஞ்சைப் பிள்ளையின் கண் முன்னால் நிரப்பாதீர்கள். தயிர்சாதத்தில் பொடித்துக் கலப்பது நல்ல யோசனை போலத் தெரியும். இரண்டு மாதத்தில் பிள்ளை தயிர்சாதத்தையே வெறுக்கும்.

பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். நாலாம் வாரத்தில் ‘ஒன்றும் குறையவில்லை’ என்று நிறுத்திவிட்டு எண்ணெய் நீவவும் கட்டுப் போடவும் போகிறவர்கள் அதிகம். சூடாக வீங்கிய மூட்டை நீவக் கூடாது. இடைப்பட்ட வாரங்களுக்கு வலி மாத்திரையோ, மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசியோ இருக்கிறது. முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்க வைக்காதீர்கள். வலிக்கு இதமாகத்தான் இருக்கும், கால் மடங்கியபடியே இறுகிவிடும்.

ரத்தப் பரிசோதனை தொடக்கத்தில் அடிக்கடி இருக்கும், பிறகு சுமார் 3 மாதத்துக்கு ஒரு முறை. மருந்து போட்ட மறுநாள் ரத்தம் கொடுத்தால் ஈரலின் நிலையைக் காட்டும் எஸ்ஜிபிடி தற்காலிகமாக ஏறித் தெரியும், வீண் கலவரம். அடுத்த டோஸுக்கு ஓரிரு நாள் முன்னால் கொடுப்பது நல்லது. காய்ச்சல் வந்தால் அந்த வார மருந்தைப் போடும் முன் டாக்டரைக் கேளுங்கள். அடுத்த தெரு டாக்டர் காய்ச்சலுக்குக் கோ-ட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் எழுதினால், பிள்ளை மெத்தோட்ரெக்சேட் எடுப்பதைச் சொல்லி மாற்றித் தரச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் ரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜை அடங்கிப்போகலாம். பக்கத்து வீட்டில் அம்மை போட்டிருக்கிறது, பிள்ளை அங்கே விளையாடிவிட்டு வந்திருக்கிறது என்றால் கொப்புளம் வரும்வரை பார்க்க வேண்டாம், அன்றைக்கே சொல்ல வேண்டும். வேப்பிலை கட்டுவதோடு நிற்காதீர்கள், தடுப்புக்கு டாக்டர் செய்யக்கூடியதெல்லாம் முதல் சில நாட்களில்தான்.

மூட்டு அடங்கியதும் பலரும் மறப்பது கண். ஜேஐஏ கண்ணுக்குள் அழற்சி உண்டாக்கும்போது பெரும்பாலும் கண் சிவக்காது, வலிக்காது, பிள்ளையும் ஒன்றும் சொல்லாது. கண்புரையும் கண் அழுத்த நோயும் வந்த பிறகுதான் தெரியும். சில மூட்டுகள் மட்டும் பாதிக்கப்பட்ட, ஏஎன்ஏ என்ற ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் உள்ள சின்னப் பிள்ளைகளுக்கு 3 மாதத்துக்கு ஒரு முறை ஸ்லிட் லேம்ப் பரிசோதனை, அதாவது கண் டாக்டர் நுண்ணோக்கியில் கண்ணுக்குள் பார்ப்பது. கண்ணாடிக்கடைச் சோதனையோ டார்ச் அடித்துப் பார்ப்பதோ இதற்கு ஈடாகாது. மெத்தோட்ரெக்சேட்டே கண் அழற்சியையும் அடக்கிவைக்கும் மருந்து. அதனால் மருந்தை நிறுத்திய அடுத்த மாதங்களில் கண் டாக்டரிடம் போவதை நிறுத்தக் கூடாது. அடங்கியிருந்தது திரும்பினால் பெரும்பாலும் அப்போதுதான் திரும்பும்.