தீக்காக்கைக்கு வேண்டியது பட்டமரம்

தீக்காக்கை என்ற காட்டுப்பறவையைத் தேடிக் காட்டுக்குள் போகிறவர்களில் பலர், அது உட்கார்ந்திருக்கும் மரத்தடியிலேயே நடந்து போய்விடுவார்கள். ஆணின் வயிறு ரத்தச் சிவப்புதான். ஆனால் ஆள் அரவம் கேட்டால் பெரும்பாலும் முதுகைக் காட்டி அசையாமல் இருந்துவிடும். பழுப்பு முதுகு கண்ணில் படாது. பெண்ணுக்கு அந்தச் சிவப்பும் கிடையாது, வயிறு காவி நிறம். நிறத்தை விட்டுவிட்டு, நேராகத் தொங்கும் நீண்ட வாலைத் தேடுங்கள். துடுப்புவால் கரிச்சான், சிலம்பன் போன்ற பறவைகள் கூட்டாக இரை தேடி வந்தால் நகராமல் நில்லுங்கள். இலங்கையின் சிங்கராஜக் காட்டில் இப்படிப்பட்ட கூட்டத்தில் தீக்காக்கை வழக்கமான ஆள்.

கால் பலவீனம். மரங்கொத்திக்கு முதல் விரலும் நான்காம் விரலும் பின்னோக்கியிருக்கும். இதற்கு முதலும் இரண்டாமும். கிளையைப் பற்ற அது போதும், நடக்க உதவாது. அதனால் உட்கார்ந்த இடத்திலிருந்து பாய்ந்து, இலைமேல் இருக்கும் புழுவையோ வெட்டுக்கிளியையோ கவ்விக்கொண்டு வேறு கிளைக்குப் போய்விடும்.

சிக்கல் கூட்டில்தான். மேற்குத் தொடர்ச்சி மலையில் பிப்ரவரி முதல் மே வரை, பருவமழைக்கு முன்பு, இனப்பெருக்கம். குட்டை அலகால் உறுதியான மரத்தைக் குடைய முடியாது. தொட்டால் உதிரும் அளவுக்கு உளுத்த பட்டமரம் வேண்டும். குடைவதில் பெண்ணுக்கே பெரும்பங்கு, முடிய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். மெத்தை எதுவும் இல்லை. குடைந்த மரத்தூள்மேலேயே ஒரு நாள் இடைவெளியில் 2 முட்டை. இரண்டாவது இட்ட பிறகுதான் அடைகாப்பு, சுமார் 19 நாள். இருவரும் மாறி மாறி உட்காருவார்கள், இரவில் பெரும்பாலும் பெண். குஞ்சுக்கு முதலில் மெத்தென்ற புழுக்கள், பிறகு வெட்டுக்கிளி வகைகள். கூட்டைவிட்டு வந்த பிறகும் 5, 6 மாதம் தாய் தகப்பன்தான் ஊட்ட வேண்டும்! இவ்வளவு நீண்ட வளர்ப்புக்கு 2 முட்டையே அதிகம்.

குடைய வசதியான மரம் கோடைக் காற்றில் முறியவும் வசதியானதுதான். அது போதாதென்று, ‘சுத்தம் செய்கிறோம்’ என்று பட்டமரங்களை வெட்டி விறகாக்குகிறார்கள். காட்டை ஒட்டித் தோட்டம் வைத்திருப்பவர்கள், பாதைமேல் விழாத இடத்தில் நிற்கும் உளுத்த மரத்தை அப்படியே விட்டுவைக்கலாம். படம் எடுப்பவர்கள் இனப்பெருக்க மாதங்களில் இதன் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிடக் கூடாது. வாயில் புழுவோடு பறவை கிளையிலேயே உட்கார்ந்து பொந்துக்குள் போகாமல் இருந்தால், நீங்கள் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று பொருள். அது உள்ளே போகும்வரை பின்வாங்குங்கள்.