முருகேசன் முட்டையிட்டுவிட்டான்

நான்கு ஆண்டுகளாக ஆண் என்று நம்பி இங்கிலாந்தின் லெஸ்டரில் நாங்கள் வளர்த்துவரும் சோளப்பாம்பு (corn snake, நஞ்சில்லாதது) முருகேசன் நேற்று இரவு 14 முட்டைகள் இட்டுவிட்டான். இட்டுவிட்டாள். (விற்றவர் ஆண் என்று சத்தியம் செய்யாத குறை!) மூன்று வாரமாக எலியைத் தொடாததும், மூலை மூலையாக மரத்தூளைத் தோண்டியதும் இப்போதுதான் புரிகிறது.

ஆண் துணை இல்லாமலும் பெண் பாம்பு முட்டையிடும், கோழியைப் போல. பெரும்பாலும் கரு இருக்காது. ஆனாலும் உடனே தூக்கி எறிய மனம் வரவில்லை. 12 முட்டைகள் மஞ்சளாய், சுருங்கி, மெழுகுக் கட்டி போலக் கிடக்கின்றன. இரண்டு மட்டும் வெள்ளை வெளேரென்று உப்பி, தொட்டால் ஈரத்தோல் போல இருக்கின்றன. அவற்றின் உச்சியில் பென்சிலால் புள்ளி வைத்தேன். கோழி முட்டையைப் போல உருட்டக் கூடாது; கரு இருந்தால் செத்துவிடும். ஈர வெர்மிகுலைட் (ஈரத்தைப் பிடித்துவைக்கும் கனிமத் துகள்) நிரப்பிய டப்பாவில், 28 டிகிரியில் வைத்திருக்கிறேன். ஒரு வாரம் கழித்து இருட்டில் டார்ச் அடித்தால் சிவப்பு நரம்பு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

என் கவலையெல்லாம் தாயைப் பற்றித்தான். வாலுக்குச் சற்று முன்னே இன்னும் ஒரு புடைப்பு தெரிகிறது. முட்டை உள்ளே சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அமுக்கி எடுக்க முயல்வது அதைவிட ஆபத்து. நாளை காலை ஊர்வன மருத்துவரிடம் போகிறோம்.

அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். “புற்றுக்கு நாம் முட்டை வைத்தது போய், பாம்பு நமக்கு வைக்கிறதா?” என்றார்.